வட இங்கிலாந்தின் பழைய ஊர்களும் இடிந்த மடங்களும்: அவசரமில்லாத கார்ப் பயணத்துக்கான கேள்வி பதில்கள்

லண்டனைப் பார்த்தாயிற்று, அடுத்து எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம் வடக்கே யார்க்ஷயருக்கும் டர்ஹாமுக்கும் போங்கள் என்றுதான் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். முதல் முறை இந்தப் பாதையை நான்கே நாளில் ஓடி முடித்தோம். வீடு திரும்பிப் படங்களைப் புரட்டியபோது எந்தக் கல் எந்த மடத்துக் கல் என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த முறை பத்து நாள் ஒதுக்கினோம், பார்த்த இடங்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தோம். இன்றுவரை மனதில் நிற்பது அந்தப் பயணம்தான். அதன் பிறகு உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எத்தனை நாள் வேண்டும்? எந்த வழியில் போவது?

பத்து இரவுகள் இருந்தால் நல்லது. ஏழுக்குக் கீழே வேண்டாம். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து யார்க்குக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். யார்க்கில் இரண்டு இரவு தங்குங்கள், கார் வேண்டாம். மூன்றாம் நாள் காலையில் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு ஹெல்ம்ஸ்லி போங்கள். அங்கே இரண்டு இரவு, பிறகு கடற்கரை ஊரான விட்பியில் இரண்டு, டர்ஹாமில் இரண்டு. அங்கிருந்து ரிச்மண்ட் ஊர், ஜெர்வோ மடம் வழியாகத் தெற்கே இறங்கி ரிப்பனில் இரண்டு இரவு தங்கிவிட்டு யார்க்குக்குத் திரும்பிக் காரை ஒப்படைத்துவிடலாம்.

வட்டமடித்தாற்போல் வரும் இந்தச் சுற்று முழுவதும் ஏறக்குறைய 350 கிலோமீட்டர்தான். பத்து நாளைக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். இந்தப் பயணத்தில் தூரம் கணக்கே இல்லை. ஒரு நாளுக்கு ஒரு மடம், ஒரு ஊர். மூன்றாவதாக ஒன்றை நுழைத்தால் முதல் இரண்டும் கலைந்துபோகும்.

இடிந்த கல்லைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா? கூரைகூட இல்லையே?

அதிகம் பேர் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். இதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். ஒரு மடத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லா மடங்களும் தாமே பேசத் தொடங்கிவிடும்.

ரிப்பனுக்கு அருகில் உள்ள ஃபவுண்டன்ஸ் மடத்தை எடுத்துக்கொள்வோம். 1132இல் யார்க் நகரின் புனித மரியாள் மடத்தில் வாழ்ந்த 13 துறவிகள், அங்கே வாழ்க்கை சொகுசாகிவிட்டது, விதிகளை யாரும் மதிப்பதில்லை என்று சொல்லி வெளியேறினார்கள். யார்க்கின் பேராயர் தர்ஸ்டன் அவர்களுக்கு ஸ்கெல் ஆற்றங்கரையில் ஒரு துண்டு நிலம் கொடுத்தார். அப்போது அது முள்ளும் பாறையுமான பள்ளத்தாக்கு. முதல் குளிர்காலத்தை ஓர் எல்ம் மரத்தடியில் கழித்ததாக மடத்தின் பழைய வரலாறு சொல்கிறது. சில ஆண்டுகளில் அவர்கள் சிஸ்டெர்சியன் சபையில் சேர்ந்தார்கள். சாயமேற்றாத வெள்ளைக் கம்பளி உடை, மௌனம், உடலுழைப்பு, ஊரைவிட்டு விலகிய இருப்பிடம் ஆகியவை அந்தச் சபையின் அடையாளங்கள்.

இனி அமைப்புக்கு வருவோம். வடக்கில் ஆலயம். அதை ஒட்டித் தெற்கே சதுரமான திறந்த முற்றம், முற்றத்தின் நான்கு பக்கமும் தாழ்வாரம். கிழக்குப் பக்கத்தில் மண்டபம் ஒன்று இருக்கும். தினமும் காலையில், துறவற விதிகளை வகுத்த புனித பெனடிக்டின் விதிநூலிலிருந்து ஓர் அத்தியாயம் அங்கே வாசிக்கப்பட்டதால் அதற்கு அத்தியாய மண்டபம் என்று பெயர். அதற்கு மேல்மாடியில் துறவிகள் உறங்கும் கூடம். நள்ளிரவு வழிபாட்டுக்கு அங்கிருந்து நேராக ஆலயத்துக்குள் இறங்கும் படிக்கட்டு. தெற்கில் உணவுக்கூடம். அதன் வாசலின் இருபுறமும் சுவரில் கை கழுவும் கல் தொட்டிகளின் தடம் தெரியும். உள்ளே யாரும் பேசக்கூடாது. சுவரில் ஏறி நிற்கும் மேடையிலிருந்து ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும்.

உணவுக்கூடத்துக்குப் பக்கத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம் இருக்கிறது: குளிர்காயும் அறை. மடத்தின் அன்றாட வாழ்வில் துறவிகள் நெருப்பின் அருகில் நிற்க அனுமதி இருந்தது இந்த ஓர் அறையில்தான். ஃபவுண்டன்ஸில் அதன் இரண்டு பெரிய அடுப்பு வாய்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. நாங்கள் போனது செப்டம்பர் மாதம், மழை தூறிக்கொண்டிருந்தது. என் அம்மா அந்த அடுப்பு வாய்க்குள் போய் நின்று, தலையை நிமிர்த்திப் புகைபோக்கியின் வழியே வானத்தைப் பார்த்தார். "இவ்வளவு குளிரிலா இருந்தார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு அவருக்கு அந்த இடம் வெறும் கற்குவியலாகத் தெரியவில்லை.

மேற்குப் பக்கத்தில் 90 மீட்டர் நீளத்துக்கு ஒரு கூடம் ஓடுகிறது. நடுவில் ஒற்றை வரிசைத் தூண்கள். தலைக்குமேல் இருபுறமும் பனையோலை விரிவதுபோல் பிரியும் கல் வளைவுகள். அங்கேதான் உழைப்புச் சகோதரர்கள் சாப்பிட்டார்கள், பண்டங்களைச் சேமித்தார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆடு மேய்த்தவர்கள், கல் உடைத்தவர்கள், கம்பளி மூட்டை கட்டியவர்கள் இவர்கள்தான். ஃபவுண்டன்ஸின் செல்வத்தில் பெரும்பகுதி ஆட்டு ரோமத்தில் வந்தது. இத்தாலிய வணிகர்கள் நேரில் வந்து வாங்கிப்போனார்கள். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரப்போகும் வருடங்களின் கம்பளிக்கும் சேர்த்து மடம் முன்பணம் வாங்கியது. ஆடுகளுக்கு நோய் வந்ததும் கடனில் சிக்கியது. வறுமையைத் தேடி வெளியேறியவர்களின் மடத்துக்கே இந்த நிலை வந்தது.

இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த மடத்துக்குப் போங்கள். முழங்கால் உயரச் சுவர் மட்டும் மிஞ்சியிருந்தாலும், இது உணவுக்கூடம், இது படிக்கட்டு இருந்த இடம் என்று நீங்களே சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.

இவற்றை இடித்தது யார்? போரா, நிலநடுக்கமா?

இரண்டும் இல்லை. அரசாணை. அரசர் எட்டாம் ஹென்றி 1534இல் ரோமின் போப்பாண்டவர் அதிகாரத்திலிருந்து பிரிந்து தன்னையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக அறிவித்துக்கொண்டார். 1536இல் ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்கள் கலைக்கப்பட்டன. 1540க்குள் பெரிய மடங்களும் முடிந்தன. ரீவோ 1538இல், ஃபவுண்டன்ஸும் விட்பியும் 1539இல். கூரையிலிருந்த ஈயத்தைப் பிரித்து உருக்கி எடுத்துக்கொண்டார்கள். மணிகளையும் இறக்கினார்கள். கூரை போனதும் மிச்ச வேலையை மழை பார்த்துக்கொண்டது. வெட்டிச் செதுக்கிய கல் சும்மா கிடைக்கிறது என்றால் சுற்று வட்டாரம் விட்டுவைக்குமா? ஃபவுண்டன்ஸ் வாசலருகில் நிற்கும் ஃபவுண்டன்ஸ் மாளிகையே மடத்துக் கல்லில் எழுந்ததுதான்.

வடக்கு இதை வாய்மூடி ஏற்கவில்லை. 1536 இலையுதிர் காலத்தில் ராபர்ட் ஆஸ்க் என்ற வழக்கறிஞரின் தலைமையில் பல்லாயிரம் பேர் கிறிஸ்துவின் ஐந்து காயங்களைத் தீட்டிய கொடியோடு எழுந்தார்கள். 'அருளின் திருப்பயணம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அரசர் வாக்குறுதி கொடுத்துக் கலைந்துபோக வைத்தார், பிறகு ஒவ்வொருவராகப் பிடித்தார். ஆஸ்க் 1537இல் யார்க்கில் தூக்கிலிடப்பட்டார். ஜெர்வோவின் கடைசி மடாதிபதி ஆடம் செட்பார் லண்டன் கோட்டையில் அடைக்கப்பட்டு, அதே ஆண்டு கொல்லப்பட்டார். சிறையறைச் சுவரில் அவர் பெயர் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். லண்டனில் அந்தக் கோட்டைக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு ஜெர்வோவுக்கு வாருங்கள். இரண்டு இடங்களும் ஒரே கதையின் இரு முனைகள்.

ஃபவுண்டன்ஸ், ரீவோ, பைலண்ட் ஆகிய மூன்று மடங்களில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால்?

ரீவோ. ஃபவுண்டன்ஸ்தான் பெரியது, முழுமையானது, 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஆனாலும் என் மனம் ரீவோவுக்குத்தான் போகிறது. ஹெல்ம்ஸ்லியிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ரை ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கில், மரங்கள் மூடிய சரிவுக்குக் கீழே, ஆலயத்தின் கிழக்குப் பகுதி மூன்றடுக்கு வளைவுகளோடு ஏறக்குறைய முழு உயரத்துக்கு நிற்கிறது. இடம் குறுகலாக இருந்ததால், கிழக்கு மேற்காக இருக்க வேண்டிய ஆலயத்தைக் கிட்டத்தட்ட வடக்கு தெற்காகத் திருப்பிக் கட்டினார்கள்.

பிரான்சின் கிளேர்வோ மடத்திலிருந்து வந்தவர்கள் 1132இல் தொடங்கிய மடம் இது. 1147 முதல் 1167 வரை மடாதிபதியாக இருந்த எயில்ரெட் காலத்தில் 140 துறவிகளும் 500 உழைப்புச் சகோதரர்களும் இருந்ததாகச் சொல்வார்கள். எயில்ரெட் நட்பைப் பற்றி நூல் எழுதியவர். மூட்டு நோயால் நடக்க முடியாமல் போன கடைசிக் காலத்தில், துறவிகள் அவருடைய கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், அவர் யாரையும் விரட்டியதில்லை என்று அவருடைய சீடர் எழுதி வைத்திருக்கிறார். மௌனத்தை விதியாகக் கொண்ட ஒரு சபையில் இப்படி ஒருவர் இருந்தார் என்பதை நினைத்துக்கொண்டு அந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

பைலண்டையும் விட்டுவிட வேண்டாம், அரை மணி நேரம் போதும். மேற்குச் சுவரில் ஒரு காலத்தில் பெரிய வட்டச் சாளரம் இருந்தது. இப்போது அதன் கீழ்ப்பாதி மட்டும் கிண்ணம்போல் வானத்தை ஏந்தி நிற்கிறது. சிலுவை வடிவ ஆலயத்தின் தெற்குக் கையில் மஞ்சளும் பச்சையுமான தரை ஓடுகள் பதித்த இடத்திலேயே இருக்கின்றன. குனிந்து பாருங்கள், மெருகு தேயாத மூலைகள் இன்னும் பளபளக்கின்றன. இந்தத் துறவிகள் முதலில் ரீவோவுக்கு மிக அருகில் குடியேறியிருந்தார்கள். இரண்டு மடங்களின் மணிகளும் வேறு வேறு நேரத்தில் ஒலித்து ஒருவரை ஒருவர் குழப்பியதால் இடம் மாறி, கடைசியில் 1177இல் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

யார்க்கில் இரண்டு நாளில் எதைப் பார்ப்பது?

முதலில் மதில்மேல் நடங்கள். 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், கட்டணம் இல்லை. ரோமானியர்கள் கி.பி. 71இல் எபோராகும் என்ற பெயரில் தொடங்கிய ஊர் இது. 306இல் கான்ஸ்டன்டைன் பேரரசராக அறிவிக்கப்பட்டது இங்கேதான். 866இல் வைக்கிங்குகள் பிடித்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற அடையாளம் தெருப் பெயர்களில் இருக்கிறது. இங்கே 'கேட்' என்று முடியும் பெயர்கள் தெருவைக் குறிக்கும், 'பார்' என்றால் கோட்டை வாசல். இது தெரியாமல் வாசலைத் தேடி நாங்கள் தெருத்தெருவாக அலைந்தோம்.

யார்க் பேராலயத்தின் கிழக்குச் சாளரம் 1405 முதல் 1408 வரை ஜான் தார்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞரின் பொறுப்பில் உருவானது. ஏறக்குறைய ஒரு டென்னிஸ் மைதான அளவு. உலகம் தோன்றியதிலிருந்து அழிவது வரை அதில் கட்டம் கட்டமாக இருக்கிறது. சிறிய இரட்டைக்கண் தொலைநோக்கி ஒன்றைக் கொண்டுபோங்கள். அது இல்லாவிட்டால் வண்ணம் மட்டுமே தெரியும், கதை தெரியாது. அருங்காட்சியகத் தோட்டத்தில் அந்த 13 பேர் விட்டு வெளியேறிய புனித மரியாள் மடத்தின் இடிபாடு நிற்கிறது. ஃபவுண்டன்ஸ் போவதற்குமுன் இதைப் பார்ப்பது முறை.

கிளிஃபர்ட் கோபுரத்தில் ஏறும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். 1190 மார்ச்சில் யார்க்கின் யூதர்கள் கலகக் கும்பலுக்கு அஞ்சி, அந்த மேட்டின்மேல் அப்போதிருந்த மரக் கோபுரத்தில் தஞ்சம் புகுந்து அங்கேயே மாண்டார்கள். பெரும்பாலோர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். மேட்டின் அடியில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது.

விட்பியில் 199 படி ஏறத்தான் வேண்டுமா?

முடிந்தவர்கள் ஏறுங்கள். முடியாதவர்களுக்கு மடத்துக்கு அருகிலேயே குன்றின்மேல் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. கடலைப் பார்த்து நிற்கும் அந்த இடிபாடு 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கட்டடம் என்றாலும், இடத்தின் பெருமை அதற்கும் முந்தையது. 657இல் இங்கே மடம் தொடங்கியவர் ஹில்டா என்ற பெண். ஆண்களும் பெண்களும் இருந்த மடத்துக்கு அவரே தலைவி.

664இல் இங்கே ஒரு மாநாடு கூடியது. ஈஸ்டர் பண்டிகை எந்த நாளில் வரும் என்பதில் அயர்லாந்து வழிக்கும் ரோம வழிக்கும் கணக்கு வேறு. அரசர் ஆஸ்வியு பண்டிகை கொண்டாடிக்கொண்டிருக்கும்போது அரசி இன்னும் நோன்பில் இருப்பார். ஒரே வீட்டில் இரண்டு பஞ்சாங்கம். மாநாட்டில் அரசர் ரோமின் பக்கம் சாய்ந்தார். வட இங்கிலாந்தின் போக்கே அதனால் மாறியது.

அதே மடத்தில் கேட்மன் என்று ஒரு மாடு மேய்ப்பவர் இருந்தார். விருந்தில் யாழ் கைமாறித் தன்னை நெருங்கும்போதெல்லாம், பாடத் தெரியாத கூச்சத்தில் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவார். ஓர் இரவு கனவில் ஒருவர் தோன்றிப் பாடச் சொன்னார், பாடினார். பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞர் அவர்தான். ஹில்டா அவரை மடத்தில் சேர்த்துக்கொண்டார். மொழி மேல் ஆசை உள்ள யாருக்கும் இந்தக் குன்று ஒரு தலம்.

மற்ற மடங்கள் இடிந்திருக்க, டர்ஹாம் மட்டும் எப்படி முழுதாக இருக்கிறது?

மடம் கலைக்கப்பட்டது, ஆலயம் பேராலயமாகத் தொடர்ந்தது. 1541இல் பழைய மடத்தின் தலைவரே புதிய நிர்வாகத்தின் தலைவரானார். அதனால் கூரை பிழைத்தது. இடிந்த மடங்களை நான்கைந்து நாள் பார்த்துவிட்டு டர்ஹாமுக்குள் நுழையும்போது, அவையெல்லாம் ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று சட்டென்று புரியும். பயண வரிசையில் டர்ஹாமைப் பிற்பாதியில் வைத்ததற்கு இதுதான் காரணம்.

1093 முதல் 1133 வரை, நாற்பதே ஆண்டில் எழுப்பியது. தூண்களில் கோணல்மாணலாகவும் வைர வடிவிலும் வெட்டிய கோலங்கள். தலைக்குமேல் விலா எலும்புபோல் குறுக்கே ஓடும் கல் வளைவுகள். இவ்வளவு பெரிய அளவில் ஐரோப்பாவில் இதற்குமுன் யாரும் துணியாத வேலை அது. மேற்கு முனையில் தரையைக் கவனியுங்கள். கரிய கல்லில் ஒரு கோடு இருக்கும். மடம் இருந்த நாளில் பெண்கள் அந்தக் கோட்டைத் தாண்டிக் கிழக்கே வர அனுமதி இல்லை. என் அம்மா அதைத் தாண்டி, பீடத்துக்குப் பின்னால், லிண்டிஸ்ஃபார்ன் தீவின் ஆயராக இருந்த புனித கத்பர்ட்டின் கல்லறை வரை மெதுவாக நடந்து போனார். கத்பர்ட் என்ற பெயர் மட்டும் வெட்டிய எளிய பலகைக் கல் அது. வைக்கிங்குகளுக்கு அஞ்சி 875இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவிலிருந்து அவருடைய உடலைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் 995இல் டர்ஹாமில் அதை இறக்கினார்கள். கதவில் தொங்கும் சிங்கமுகப் பிடியைத் தட்டிய குற்றவாளிக்கு 37 நாள் அடைக்கலம் உண்டு. இப்போது கதவில் இருப்பது நகல், அசல் உள்ளே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமத்தோடு ஓட்டலாமா?

சுற்றுலாப் பயணியாகப் போகிறவர்கள் தங்கள் நாட்டின் முழு உரிமத்தோடு 12 மாதம் வரை ஓட்டலாம். வாடகை நிறுவனங்கள் வயது, உரிம அனுபவம் பற்றித் தனி நிபந்தனை வைத்திருக்கும், முன்பதிவுக்கு முன் படித்துவிடுங்கள். இடப்பக்கம் ஓட்டுவதால் நமக்குக் கை பழகியதுதான். வேகப் பலகைகள் எல்லாம் மைலில் இருக்கும். ஊருக்குள் பெரும்பாலும் 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர். நடுத்தடுப்பு இல்லாத கிராமச் சாலைகளில் 60 மைல் வரை சட்டம் அனுமதிக்கிறது. அனுமதிக்கிறது என்பதற்காக ஓட்டிவிடாதீர்கள். இருபுறமும் கல் சுவர், நடுவில் ஒரு கார் போகும் அகலம், வளைவுக்கு அப்பால் செம்மறிக் கூட்டம். எதிரே கார் வந்தால் அகலமான ஒதுக்கிடம் வரை யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். வழிவிட்டவருக்குக் கை உயர்த்தி நன்றி சொல்வது வழக்கம். ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை.

தர்ஸ்க் பக்கமிருந்து ஹெல்ம்ஸ்லிக்கு வந்தால் சட்டன் பேங்க் என்ற ஏற்றம் வரும். நாலுக்கு ஒன்று என்ற செங்குத்து. முதல் கியரில் ஏறி மேலே நிறுத்துங்கள், யார்க் சமவெளி முழுவதும் காலடியில் விரியும். டர்ஹாமில் பேராலயக் குன்றுக்கு ஏறும் தெருவில் பகலில் காருக்குக் கட்டணம் உண்டு. கீழேயே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது.

நுழைவுச் சீட்டுகளுக்குச் செலவு கூடுமே?

ரீவோ, விட்பி, ரிச்மண்ட் கோட்டை முதலியவை இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற அமைப்பின் பராமரிப்பில் உள்ளன. வெளிநாட்டுப் பயணிகளுக்கு 9 நாள், 16 நாள் அனுமதி அட்டைகளை அவர்கள் விற்கிறார்கள். இந்தப் பாதைக்கு 9 நாள் அட்டை போதும். ஃபவுண்டன்ஸ், நேஷனல் டிரஸ்ட் என்ற வேறொரு அமைப்பின் சொத்து. டர்ஹாம் பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, காணிக்கை போடலாம். யார்க்கில் கட்டணம் உண்டு.

வேற்று மதத்தவர் வழிபாட்டில் உட்காரலாமா?

தாராளமாக. மாலை வழிபாட்டுக்கு யார்க்கிலும் டர்ஹாமிலும் யார் வேண்டுமானாலும் போகலாம், கட்டணம் கிடையாது. ஏறக்குறைய முக்கால் மணி நேரம், பெரும்பகுதி பாடகர் குழுவின் இசை. எல்லாரும் எழும்போது எழுந்தால் போதும். வழிபாட்டின்போது படம் எடுக்கக் கூடாது. இந்தக் கட்டடங்கள் எழுந்ததே குரலுக்காக. பகலில் கல்லாகத் தெரிந்தது மாலையில் வாத்தியமாகிவிடும்.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். ஜூன் கடைசியில் இரவு ஒன்பதரைக்குமேல்தான் சூரியன் மறைகிறது. ஆகஸ்டில் ஹெல்ம்ஸ்லிக்கும் விட்பிக்கும் இடையே உள்ள மேட்டுநிலம் முழுவதும் ஊதாப் பூ பூக்கும், ஆனால் விட்பியில் கூட்டம் தாங்காது. டிசம்பரில் மாலை நான்குக்கு முன்பே இருட்டிவிடும், சில மடங்கள் வார இறுதியில் மட்டும் திறந்திருக்கும். எந்த மாதமானாலும் மழைச்சட்டை வேண்டும். குடை வேண்டாம், விட்பிக் காற்று அதை விட்டுவைக்காது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். யார்க்ஷயரில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள், அது அவர்களுடைய பழைய வழக்கம். வறுவல் சைவம்தானே என்று வாங்கிவிடாதீர்கள். எந்த எண்ணெய் என்று கேளுங்கள், நேராகச் சொல்வார்கள். யார்க்ஷயர் புட்டிங் என்ற உப்பலான பணியாரத்தில் முட்டை உண்டு. வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டியைப் பழக்கேக்கோடு சேர்த்துத் தின்பது இந்த ஊர்ப் பழக்கம். அந்தப் பள்ளத்தாக்கில் அதைத் தொடங்கியவர்கள் ஜெர்வோ மடத்தின் துறவிகள் என்பார்கள், முதலில் செம்மறி ஆட்டுப் பாலில் செய்தார்களாம். சைவர்கள் உறைமீது சைவ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கிராம விடுதிகளில் சமையலறை சீக்கிரம் மூடிவிடும். ஒரு நாள் இரவு எட்டரைக்குப் போய்ச் சேர்ந்து, பிஸ்கட்டும் வாழைப்பழமும் தின்று படுத்தோம். ஏழுக்குள் உட்கார்ந்துவிடுங்கள்.

வயதானவர்களும் குழந்தைகளும் சமாளிப்பார்களா?

பைலண்ட் சமதரை. ரீவோவில் லேசான சரிவு. ஃபவுண்டன்ஸ் மிகப் பெரியது, அதற்கு முழு நாளும் வேண்டும். பழைய விடுதிகளில் படிக்கட்டு குறுகலாக இருக்கும், லிஃப்ட் இருக்காது, ஆகவே தரைத்தள அறை கேட்டு வாங்குங்கள். குழந்தைகளுக்கு ஃபவுண்டன்ஸை ஒட்டிய ஸ்டட்லி ராயல் பூங்காவின் மான்கள், விட்பிக் கடற்கரையில் சுருள் வடிவப் புதைபடிவங்கள் (ஹில்டா பாம்புகளைக் கல்லாக்கியதாக ஊர்க்கதை), யார்க்கின் ரயில்வே அருங்காட்சியகம் ஆகியவை உண்டு. 1938இல் மணிக்கு 126 மைல் ஓடிய மல்லார்ட் நீராவி இன்ஜின் அந்த அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால்?

டர்ஹாமிலிருந்து லிண்டிஸ்ஃபார்ன். கடல் வற்றும்போது மட்டும் தீவுக்குச் சாலை திறக்கும். ஏறும்போது சாலை மூழ்கிவிடும். அன்றைய நேரப் பட்டியலைப் பார்க்காமல் ஒரு சக்கரம்கூட இறக்காதீர்கள். ஆண்டுதோறும் கார்கள் மாட்டிக்கொள்கின்றன.

கார் ஓட்டத் தெரியாதவர்கள்?

யார்க்கும் டர்ஹாமும் ரயிலில் ஒரு மணிக்குள். யார்க்கிலிருந்து மேட்டுநிலத்தின் குறுக்கே விட்பிக்கு பஸ் இருக்கிறது, அந்தப் பயணமே அழகு. ரீவோவுக்கும் ஜெர்வோவுக்கும் மட்டும் கார் இல்லாமல் போவது சிரமம்.

பெரும்பாலோர் தவறவிடுவது எது?

இரண்டு. முதலாவது ஜெர்வோ. தனியார் நிலத்தில் இருக்கிறது, வாசலில் டிக்கெட் கொடுக்க ஆள் இல்லை, ஒரு பெட்டி மட்டும் இருக்கும், கட்டணத்தை நீங்களே போட வேண்டும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். சுவரின்மேல் காட்டுப்பூக்கள் பூத்துக் கிடக்கும், களைபோல் பிடுங்காமல் விட்டிருக்கிறார்கள். நாங்கள் போன அன்று எங்களைத் தவிர ஒரு வயதான தம்பதி மட்டும் இருந்தார்கள்.

இரண்டாவது ரிப்பனில் இரவு. பகலில் பேராலயத்தின் நிலவறைக்கு இறங்குங்கள். 672இல் வில்ஃப்ரிட் கட்டியது, தோள் உரசும் இடைவழி. பிறகு இருட்டும்வரை ஊரிலேயே இருங்கள். இரவு சரியாக ஒன்பது மணிக்குச் சந்தைச் சதுக்கத்தின் நடுத்தூணருகில், மூன்று முனைத் தொப்பியும் நீள அங்கியும் அணிந்த ஒருவர் வருவார். வளைந்த கொம்பை எடுத்துத் தூணின் நான்கு மூலையிலும் நின்று ஊதுவார். ஊருக்குக் காவல் தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். ஆல்ஃப்ரெட் அரசர் காலமான 886 முதல் நடப்பதாக ஊரார் நம்புகிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில்கூட அதை வீட்டு வாசலில் நின்று ஊதி விடாமல் காத்தார்கள். ஆண்டவர் நகரைக் காக்காவிட்டால் காவலர் விழித்திருப்பது வீண் என்ற சங்கீத வரி எதிரே நகர மண்டபத்தின் நெற்றியில் எழுதியிருக்கிறது. கூட்டம் இருபது பேருக்குமேல் இருக்காது. எட்டே முக்காலுக்குப் போய் நின்றுகொள்ளுங்கள்.